யாருடைய பாரத்தை யார் சுமப்பது?



சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. உபவாச ஜெபம் முடிந்து எல்லாரும் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு சகோதரி மட்டும் பாயைச் சுருட்டுகிற சாக்கில் பின்தங்கி நின்றார்கள். சிவகாசிப் பக்கத்தில் ஒரு கிராமம். பட்டாசு ஆபீசில் வேலை. ஆள் இல்லாத நேரம் பார்த்து மெதுவாகக் கேட்டார்கள்.

"பாஸ்டர், எங்க வீட்டுக்காரருக்கு ஈரல் கெட்டுப்போச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வயிறு வீங்கிக் கிடக்கு. இனிமே ஒரு சொட்டு தொட்டாலும் ஆபத்துங்காங்க. ஆனா காலையில எந்திரிச்சா கை அப்படி நடுங்குது. 'ஒரு கட்டிங்காவது வாங்கிட்டு வா, இல்லைன்னா செத்துப்போவேன்'னு அழுகுறாரு. வாங்கிக் குடுத்தா நானே கொன்ன மாதிரி. குடுக்காம விட்டு வலிப்பு வந்து போயிட்டாலும் நானே கொன்ன மாதிரி. தேவன் எதுக்கு என்கிட்ட கணக்குக் கேப்பாரு?"

நான் பைபிள் காலேஜில் படித்து டிப்ளமோ வாங்கினவன். இந்தக் கேள்வி எந்தப் பரீட்சையிலும் வரவில்லை. "ஜெபிப்போம்மா" என்று சொல்லி, தலையில் கை வைத்து ஜெபித்து அனுப்பிவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. அது அந்தச் சகோதரி வீட்டுக் கேள்வி மட்டுமல்ல, என் வீட்டுக் கேள்வியும்கூட. நம் சபையில் இன்னும் எத்தனை வீட்டில் இது இருக்கிறது என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

என் வீட்டுக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மூத்த அண்ணன் என்னைவிட எட்டு வயது பெரியவன். நாங்கள் சின்னப் பிள்ளைகளாயிருந்த காலத்தில், விடியுமுன்னே தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வந்து ஊர்ப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். அந்தப் பஸ்ஸில் அவன் ஏறினான். நான் பள்ளிக்கூடம் போனேன். பிறகு அவன் பட்டாசு ஆபீசுக்குப் போனான். நான் பைபிள் காலேஜ் போனபோது பெட்டி வாங்கிக் கொடுத்ததும் பீஸ் கட்டினதும் அவன் சம்பளம்தான். அதனால், "குடிகாரப் பயலை விட்டுத்தள்ளு" என்று யாராவது சொன்னால் எனக்கு நெஞ்சில் குத்தும்.

அவனுக்கு முதலில் மஞ்சள் காமாலை வந்தது. நம்ம ஊர் வழக்கப்படி கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். கண் வெளுத்தது, குணமாகிவிட்டது என்று நினைத்தோம். அவன் மறுபடியும் குடித்தான். இரண்டு வருஷம் கழித்து ஒரு ராத்திரி ரத்தம் ரத்தமாக வாந்தி எடுத்தான். ஆஸ்பத்திரியில் எண்டோஸ்கோப்பி பண்ணி, உணவுக்குழாயில் வீங்கி வெடித்த ரத்தக்குழாய்க்கு ரப்பர் வளையம் போட்டார்கள். அன்றைக்குத்தான் "சிரோசிஸ்" என்ற வார்த்தையை எங்கள் குடும்பம் கேட்டது. கல்லீரல் தழும்பேறிச் சுருங்கிக் கல்லாகிப் போவது என்று டாக்டர் விளக்கினார்.

பிரியமானவர்களே, இதைக் கொஞ்சம் விளங்கிக்கொள்வது நல்லது. ஒரு குவார்ட்டர் பாட்டில் 180 மில்லி. அதில் சுத்த சாராயம் மட்டும் ஏறக்குறைய 60 கிராம் இருக்கிறது. அது அத்தனையையும் கழிக்க வேண்டியது பெரும்பாலும் ஈரல்தான். முதலில் ஈரலில் கொழுப்பு சேரும். அந்தக் கட்டத்தில் நிறுத்தினால் ஈரல் பழையபடி ஆகிவிடும். பிறகு வீக்கம் வரும், அதற்குப் பிறகு தழும்பு. ஈரல் பல வருஷம் வலியைக் காட்டாமல் பொறுத்துக்கொண்டே போகும் உறுப்பு. அது சத்தம் போடும்போது பாதி வேலை முடிந்திருக்கும். வயிற்றில் நீர் கோர்க்கும், கால் வீங்கும். ஈரல் கழிக்க வேண்டிய நச்சு மூளைக்கு ஏறி, பகலில் தூங்கி ராத்திரி முழித்திருப்பார்கள், பேச்சு குழறும். ஆனாலும் ஒன்று சொல்கிறேன். சிரோசிஸ் வந்த பிறகுகூடக் குடியை நிறுத்தினவர்கள் நிறுத்தாதவர்களைவிட நீண்ட நாள் வாழ்கிறார்கள். "இனிமே நிறுத்தி என்ன பிரயோஜனம்" என்பது பிசாசு சொல்கிற பொய்.

அப்படியிருந்தும் ஏன் குடிக்கிறார்கள்? சாகப் போகிறோம் என்று தெரிந்தும் ஏன்? இது வியாதியா, பாவமா என்று சபையிலே வாதம் பண்ணுகிறோம். முதல் கிளாஸை அண்ணன் விரும்பித்தான் எடுத்தான். அதை மறுக்கவில்லை. ஆனால் வருஷக்கணக்காய்க் குடித்த உடம்பிலே நரம்பும் மூளையும் சாராயத்துக்கு ஏற்றபடி மாறிவிடுகிறது. அப்புறம் அவன் சந்தோஷத்துக்குக் குடிக்கவில்லை, நடுக்கம் நிற்கத்தான் குடித்தான். பிறவிக் குருடனைப் பார்த்து, இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டார்கள். ஆண்டவர் அந்த விசாரணைக்குள் போகவே இல்லை. அவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார். யோவான் 9ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். படுத்துக் கிடக்கிறவன் பக்கத்தில் உட்கார்ந்து குற்றப்பத்திரிகை எழுதுவது நம்முடைய வேலை அல்ல.

இப்போது என் தப்பை அறிக்கையிடுகிறேன்.

ரத்த வாந்திக்குப் பிறகு அண்ணன் ஐந்து மாதம் தொடவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. எழுப்புதல் கூட்டத்தில் அவனை மேடை ஏற்றி மைக்கைக் கையில் கொடுத்தேன். "என் சொந்த அண்ணனை ஆண்டவர் விடுவித்தார்!" என்று நான் கத்த, ஜனங்கள் கை தட்டினார்கள். அவன் இரண்டு வார்த்தை பேசிவிட்டு இறங்கிவிட்டான். தீபாவளிக்கு போனஸ் போட்டார்கள். அன்றைக்கு ராத்திரியே அவன் குடித்தான்.

அதற்குப் பிறகு நான்கு மாதம் நான் அவன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. "ஒழுங்குக்குள்ள வரட்டும்" என்று வெளியே சொன்னேன். உள்ளே என்ன இருந்தது தெரியுமா? வெட்கம். ஜனங்கள் முன்னால் என் முகம் போயிற்றே என்கிற கோபம். பின்னால் ஒருநாள் அவனே சொன்னான்: "தம்பி, மைக்கைக் கையில குடுத்தப்பவே எனக்குப் பயம்டா. நாளைக்கு விழுந்துட்டா உன் மூஞ்சியில எப்படி முழிக்கன்னு." அவனுடைய விடுதலையை என் ஊழியத்துக்குப் பூமாலையாக்கிக்கொண்டேன். அவன் விழுந்தபோது எழும்ப முடியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். விடுபட்டுச் சில மாதமே ஆனவர்களைத் தயவுசெய்து மேடை ஏற்றாதீர்கள். விழுந்தவனைக் கைவிடுவதைப் பரிசுத்தம் என்று பெயர் சூட்டாதீர்கள்.

சரி, அப்படியானால் கேட்டதையெல்லாம் கொடுத்துக்கொண்டே இருப்பதுதான் அன்பா? எங்கள் அம்மா அப்படித்தான் செய்தார்கள். "பெத்த வயிறு, நடுங்குறதைப் பாக்க முடியலய்யா" என்று முந்தானையில் முடிந்திருந்த முதியோர் பென்ஷன் ரூபாயை அவிழ்த்துக் கொடுப்பார்கள். மதினியோ போர்மேனுக்கு போன் போட்டு, "காய்ச்சலாக் கிடக்காருண்ணே" என்பார்கள். கடைக்காரர் கடனை நான் அடைத்தேன். மூன்று பேரும் உதவி செய்கிறோம் என்றே நினைத்தோம். அவன் குடிக்கிறதற்கு உண்டான செலவை நாங்கள் மூன்று பேரும் பங்கு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தோம். அதுதான் உண்மை.

கலாத்தியர் 6ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். இரண்டாம் வசனம் பிறத்தியாருடைய பாரத்தை நாம் சுமக்கச் சொல்லுகிறது. மூன்று வசனம் தள்ளி ஐந்தாம் வசனம், அவனவன் சுமையை அவனவனே தூக்க வேண்டும் என்கிறது. பவுல் தனக்குத்தானே எதிராகப் பேசுகிறாரா? இல்லை. மூலபாஷையாகிய கிரேக்கத்தில் அந்த இரண்டு இடத்திலும் இரண்டு வேறு வார்த்தைகள். முதலாவது, ஒரு ஆளை நசுக்குகிற பளு. இரண்டாவது, பிரயாணம் போகிறவன் தன் தோளில் தூக்கிப் போகிற மூட்டை. நசுக்குகிற பளுவுக்குத் தோள் கொடுக்க வேண்டும். அவன் மூட்டையை நாம் பிடுங்கிச் சுமந்தால் அவன் நடக்கவே மறந்துபோவான்.

எது பளு, எது மூட்டை? வியாதி பளு. பசி பளு. ஆஸ்பத்திரிச் செலவு, பிள்ளைகள் படிப்பு, தனிமை, மரணபயம், இவை பளு. இதற்கெல்லாம் தோள் கொடுக்க வேண்டும். குடித்ததை ஒத்துக்கொள்வது, வேலைக்குப் போகாததற்குப் பதில் சொல்வது, வாங்கின கடனுக்கு முகம் கொடுப்பது, "எனக்கு உதவி வேண்டும்" என்று வாயைத் திறந்து கேட்பது, இவை அவனுடைய மூட்டை.

பட்டாசு ஆபீசில் வேலை பார்க்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு ரூமுக்கும் அடுத்த ரூமுக்கும் நடுவே இடம் விட்டுக் கட்டியிருக்கிறார்களே, பக்கத்து ரூம்காரர் மேல் வெறுப்பா? ஒரு ரூமில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறார்களே, மனுஷர் பிடிக்காமலா? ஒரு ரூமில் தீப்பிடித்தால் மற்ற ரூம்கள் பிழைக்க வேண்டும் என்றுதான். 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்ததை யார் மறப்பார்கள்? ஏறக்குறைய 40 பேர் போனார்கள். அவர்களில் எத்தனையோ பேர் அந்த ஆலையில் வேலை செய்தவர்களே அல்ல. முதல் வெடிச் சத்தம் கேட்டு, காப்பாற்றவும் பார்க்கவும் ஓடினவர்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு நாவில்லை. ஆனாலும் எரிகிற இடத்துக்கு எப்படிப் போவது என்று தெரியாமல் ஓடினால், காப்பாற்றப் போனவனையும் சேர்த்துத் தூக்க வேண்டியதாகும். குடி எரிகிற வீட்டிலும் அப்படியே. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் இடைவெளி வேண்டும். அடி விழுகிற வீடாயிருந்தால், சம்சாரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போவது துரோகம் அல்ல.

இன்னொன்று. நடுங்குகிற கையோடு மருந்து ரூமுக்குள் ஒருவன் போனால் அவன் மட்டும் சாவதில்லை. அதனால் மதினியை ஒருநாள் உட்காரவைத்து, "இனி போர்மேன்கிட்ட உள்ளதைச் சொல்லிருங்க மதினி" என்றேன். அழுதார்கள். சொன்னார்கள். அவனை மருந்து வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். சம்பளம் குறைந்தது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான்கு வீட்டுப் பிள்ளைகள் தகப்பனோடு இருக்கிறார்கள்.

பணத்தைப் பற்றி வேதத்தில் இரண்டு இடம் என்னைத் திருத்தியது. லூக்கா 10இல் வருகிற நல்ல சமாரியன், அடிபட்டவன் கையில் காசைத் திணிக்கவில்லை. சத்திரக்காரன் கையில் கொடுத்து, பார்த்துக்கொள்ளச் சொன்னான். நாமும் அப்படியே. மெடிக்கலில் நேராகப் பணம் கட்டுங்கள். அரிசி வாங்கிப் போடுங்கள். பிள்ளையின் பீஸைப் பள்ளிக்கூடத்தில் கட்டுங்கள். சனிக்கிழமைச் சம்பளத்தை, அவரையே சம்மதிக்க வைத்து, வீட்டம்மா கையில் வருகிறபடி ஏற்பாடு பண்ணுங்கள். அந்தச் சமாரியன் தன் பிரயாணத்தையும் விட்டுவிடவில்லை. போனான், திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனான். லூக்கா 15இல் வருகிற தகப்பன், தூரதேசத்திலிருந்த மகனுக்கு மணியார்டர் அனுப்பிக்கொண்டிருக்கவில்லை. ஆனால் வாசல் கதவையும் பூட்டவில்லை. தூரத்தில் வரும்போதே கண்டான் என்றால், அவன் பாதையைப் பார்த்துக்கொண்டே இருந்தான் என்றுதானே அர்த்தம்? பணம் அனுப்பாமலும் இருக்கலாம், பாதையைப் பார்த்துக்கொண்டும் இருக்கலாம். இரண்டும் ஒரே தகப்பனுக்குள் இருந்தது.

பணம் இருந்தால் காப்பாற்றிவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். சென்னையில் பெரிய தொழில் குடும்பமாகிய டி.டி.கே. வீட்டு மருமகள் சாந்தி ரங்கநாதன் அம்மா. கணவர் டி.டி. ரங்கநாதன் குடியினால் 1979இல் இளவயதிலேயே இறந்துபோனார். வசதிக்கு என்ன குறைவு அந்த வீட்டில்? ஆனாலும் முடியவில்லை. அந்த அம்மா மூலையில் உட்கார்ந்துவிடாமல், 1980இல் கணவர் பெயரிலேயே சென்னையில் குடிநோய்ச் சிகிச்சை நிலையத்தை ஆரம்பித்தார்கள். ஜனங்கள் அதை டி.டி.கே. ஆஸ்பத்திரி என்பார்கள். 1992இல் அரசாங்கம் பத்மஸ்ரீ கொடுத்தது. அங்கே குடிக்கிறவருக்கு மட்டுமல்ல, கூட வாழ்கிறவர்களுக்கும் ஆலோசனையும் வகுப்பும் உண்டு. வியாதி ஒருவருக்கு, காயமோ வீட்டிலுள்ள எல்லாருக்கும் என்பதைப் பட்டுத் தெரிந்தவர்கள் அவர்கள். அமெரிக்காவிலும் குடியிலிருந்து மீண்டவர்கள் 1935இல் ஏ.ஏ. என்ற கூட்டுறவை ஆரம்பித்தார்கள். ஆரம்பித்தவர்களில் ஒருவரான பில் வில்சனுடைய மனைவி லோயிஸ் 1951இல் குடும்பத்தாருக்கென்றே தனியாக ஒரு கூட்டுறவை ஏற்படுத்தினார். தேசம் வேறு, பாஷை வேறு. இரண்டு மனைவிமாரும் கண்டுகொண்டது ஒன்று. இவர் குடிக்கிறதற்கு நான் காரணமல்ல, நான் இறுக்கிப் பிடித்து நிறுத்தவும் முடியாது, ஆனால் நான் எப்படி வாழ வேண்டும் என்பது இன்னும் என் கையில் இருக்கிறது.

இப்போது அந்தச் சகோதரி கேள்விக்கு வருகிறேன். மறுநாள் சனிக்கிழமை காலையிலேயே சபையார் ஒருவரைக் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். "அம்மா, வாங்கிக் குடுக்கவும் வேண்டாம், பூட்டி வைக்கவும் வேண்டாம். மூணாவது வழி இருக்கு, ஆஸ்பத்திரி" என்றேன். தினமும் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வேர்வை வரும். இரண்டு நாளைக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்கு நாளைக்குள் புத்தி பேதலித்து, இல்லாததைப் பார்த்துப் பயந்து கத்தலாம். உயிருக்கே ஆபத்து. இதைப் பிசாசு பிடித்தது என்று எண்ணிச் சங்கிலி போட்ட வீடும் உண்டு. டாக்டர் மேற்பார்வையில் ஊசி மாத்திரையோடு நிறுத்தினால் இந்தக் கண்டத்தைக் கடந்துவிடலாம். விருதுநகரில் 2022இலிருந்து அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. 14416 என்ற டெலி மனஸ் எண்ணுக்குப் போன் பண்ணினால் தமிழிலேயே ஆலோசனை சொல்லுகிறார்கள், காசு இல்லை.

அவர் முதலில் வர மாட்டேன் என்றார். நாங்கள் வேதம் பேசவில்லை, திட்டவும் இல்லை. சாயங்காலம்வரை திண்ணையில் கூடவே உட்கார்ந்திருந்தோம். நடுக்கம் அதிகமான பிறகு, "கூட நீங்களும் வருவீகளா?" என்று கேட்டார். ஆட்டோ பேசினோம். ஒன்பது நாள் வார்டில் இருந்தார். இன்றைக்குத் தேதிக்குக் குடிக்கவில்லை. நாளைக்கு என்ன என்று நான் சொல்ல மாட்டேன்; ஒருமுறை சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். அந்தச் சகோதரி அதற்கு முன்னால் எத்தனை தடவை கட்டிங் வாங்கிக் கொடுத்தார்களோ, பயத்தில் செய்தது அது. அதற்காகத் தேவன் அவர்களைக் கொலைகாரி என்று அழைப்பார் என்று நான் நம்பவில்லை.

வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு ஆஸ்பத்திரியில் எங்களுக்குச் சொன்னதைச் சொல்கிறேன். வயிற்றில் நீர் கோர்த்திருந்தால் உப்பைக் குறைக்க வேண்டும். கருவாடு, ஊறுகாய், அப்பளம் வேண்டாம். பத்தியம் என்று பட்டினி போடாதீர்கள்; பருப்பு, முட்டை போன்ற சத்து அவர்களுக்குத் தேவை. உடம்பு வலிக்கு மெடிக்கலில் நீங்களாக மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். ரத்த வாந்தி, தார் போல் கறுப்பாய் மலம், தடுமாற்றப் பேச்சு என்றால் உடனே 108. "விசுவாசித்தேன், மாத்திரையை நிறுத்திவிட்டேன்" என்று யாராவது வந்தால், பாஸ்டர் அதற்கு அல்லேலூயா சொல்ல மாட்டேன் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஜெபமும் மாத்திரையும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல.

எல்லாம் செய்தும் அவர் குடித்தால்? செய்த உதவி வீண்தானா? எனக்கு இந்தக் கேள்விதான் கடினம். குணமாவான் என்பதற்காகத்தான் நேசிக்கிறோம் என்றால் அது வியாபாரம். குணமாகாதவனுக்கும் சோறு உண்டு, சுத்தமான படுக்கை உண்டு, கூப்பிட்டால் வருகிற தம்பி உண்டு. பாட்டிலுக்குக் காசு மட்டும் கிடையாது. இந்த ஒரு கோட்டை நான் அண்ணனிடம் முகத்துக்கு நேராகச் சொன்னேன். திட்டினான். இரண்டு வாரம் பேசவில்லை. ஆனால் மூன்றாவது வாரம், "தம்பி, ஆஸ்பத்திரிக்குப் போற நாள் வந்துருச்சு, வாறியா?" என்று அவனாகவே போன் பண்ணினான்.

அண்ணன் இன்றும் உயிரோடு இருக்கிறான். இரண்டு தடவை வயிற்றிலிருந்து நீர் எடுத்தாயிற்று. சில வாரம் தொடாமல் இருக்கிறான், சில நாள் விழுகிறான். இது சாட்சி அல்ல. முடியாத கதை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நான் அவன் வீட்டுக்குப் போய், மதினி பொங்கின சோற்றைச் சேர்ந்து சாப்பிடுகிறேன். பெரும்பாலும் பழைய கதைதான் பேசுவோம். விடியக்காலை பஸ், அம்மா கட்டிக் கொடுத்த தூக்குச்சட்டி. அவன் சிரிக்கிறான். எனக்கு அது போதுமா என்று கேட்டால், போதாது. ஆனால் அது என் தோளுக்குக் கொடுக்கப்பட்ட பங்கு.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் மறைக்காதீர்கள். வெள்ளிக்கிழமை ஜெபம் முடிந்து பாய் சுருட்டுகிற நேரத்தில் வாருங்கள். இனிமேல் வெறும் ஜெபத்தோடு அனுப்ப மாட்டேன். கூட வருவேன்.

ஆண்டவர் நம்மெல்லாருக்கும் சுமக்கப் பெலனையும், எதை இறக்கி வைப்பது என்று அறிகிற ஞானத்தையும் தருவாராக. ஆமென்.